தராசை நம்பிய லவாய்சியே

தராசு பிடிக்காத வியாபாரி கிடையாது. அரிசிக் கடையானாலும், நகைக் கடையானாலும், மருந்துச் சரக்குக் கடையானாலும் வாங்குகிறவர் கண் தட்டின்மேல் போகும். விற்கிறவர் கண் முள்ளின்மேல் போகும். இரண்டு கண்ணும் ஒத்துக்கொண்டால்தான் காசு கைமாறும். இந்தத் தராசை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு, நெருப்பு என்பது என்ன, காற்று என்பது என்ன, தண்ணீர் என்பது என்ன என்று உலகத்துக்குச் சொன்ன ஒரு மனிதரின் வரலாற்றை வாசக அன்பர்களுக்குத் தர எண்ணினோம். அவர் பெயர் அந்துவான் லவாய்சியே. பிரஞ்சு தேசத்தவர். இரசாயன சாஸ்திரத்தின் தந்தை என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் படித்திருப்போம். அவர் நம்மைப் போல் கொடுக்கல் வாங்கலில் இருந்தவர் என்பதையும், புகையிலையில் தண்ணீர் சேர்த்து எடை கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே அவர் தலையை வாங்கியது என்பதையும் அந்தப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

லவாய்சியே 1743-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ல் பாரிஸ் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். ஐந்து பிராயத்தில் தாயார் காலமாகிவிட்டார். தாய்வழிச் சொத்து பிள்ளைக்கு வந்தது. ஆகவே பட்டினி கிடந்து முன்னுக்கு வந்த கதை அல்ல இது. மஸரின் கல்லூரியில் படித்து, தகப்பனார் விருப்பப்படி சட்டமும் முடித்தார். ஆனால் மனம் முழுவதும் கல்லிலும் மண்ணிலும் தண்ணீரிலும் இருந்தது. கெத்தார் என்ற நிலநூல் அறிஞருடன் ஊர் ஊராகச் சுற்றினார். பாரிஸ் வீதிகளுக்கு இரவில் விளக்கு ஏற்றுவது எப்படி என்று அவர் எழுதிய கட்டுரைக்கு 1766-ல் அரசர் தங்கப் பதக்கம் கொடுத்தார். எந்த எண்ணெய் எவ்வளவு நேரம் எரியும், செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அந்தக் கணக்குப் புத்தி கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1768-ல் அவருக்கு இருபத்தைந்து வயது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிரஞ்சு விஞ்ஞானச் சபையில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கையிலிருந்த பணத்தைப் போட்டு வரிக் குத்தகைக் கம்பெனியில் ஒரு பங்கின் பகுதியை வாங்கினார். முன்னது அவருக்குப் பெயரைத் தந்தது. பின்னது பணத்தைத் தந்தது; அதுவே பிறகு உயிரையும் கேட்டது.

வரிக் குத்தகை என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வெள்ளைக்காரன் ஆட்சியில் அபினிக்கும் சாராயத்துக்கும் குத்தகை விட்டிருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரஞ்சு தேசத்தில் உப்பு, புகையிலை, சுங்கம், பட்டணத்துக்குள் வரும் சரக்கின் நுழைவு வரி யாவும் ஒரே கம்பெனிக்குக் குத்தகை. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். அரசருக்குப் பணத்தை முன்னதாகக் கட்டிவிட்டு, பிறகு ஜனங்களிடம் வசூலித்துக்கொள்வது முறை. கட்டியதற்கு மேல் வசூலானது குத்தகைக்காரர்களின் லாபம். உப்பு வரி ஏழைகளை மிகவும் வாட்டியது. உப்பு கடத்தினவனைப் பிடித்துக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பின காலமும் உண்டு. இப்படிப்பட்ட கம்பெனியில் பங்கு வைத்திருப்பவரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்? லவாய்சியே சொந்த வாழ்வில் யோக்கியமானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் சோதனைச் சாலைக்கு வந்த பணம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதையும் எழுதாமல் விடுவது நியாயமாகாது.

1771-ல் அதே கம்பெனியின் பெரிய பங்காளிகளில் ஒருவரான ஜாக் போல்ஸ் என்பவரின் மகள் மரி ஆன் என்பவரை மணந்தார். மணமகளுக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை. இந்த அம்மையாரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

குத்தகைக் கம்பெனி வேலை, பிறகு சர்க்கார் வெடிமருந்து இலாகா வேலை என்று பகல் முழுவதும் அவருக்கு அலுவல் இருந்தது. ஆகவே விடியற்காலையில் சில மணி நேரம், இராத்திரியில் சில மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழுவதும் என்று ஆராய்ச்சிக்கு ஒதுக்கிக்கொண்டார். மிச்ச நேரத்தில் செய்த வேலைதான் அவருக்குப் பெயரைக் கொடுத்தது.

அவர் தராசை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு முதல் உதாரணம் தண்ணீர். தண்ணீரை நெடுநாள் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் மண் போன்ற வண்டல் தங்கும். தண்ணீரே மண்ணாக மாறுகிறது என்று படித்தவர்கள் அநேகர் நம்பினார்கள். லவாய்சியே வடித்தெடுத்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்தார். மேலே எழும் ஆவி குளிர்ந்து மறுபடி உள்ளேயே வந்து விழும்படி அமைத்த குடுவை அது. முதலில் குடுவையைத் தனியாக நிறுத்தார். பிறகு தண்ணீரோடு நிறுத்தார். 101 நாட்கள் விடாமல் சூடு காட்டினார். வண்டல் தோன்றியது. மறுபடி நிறுத்தபோது மொத்த எடை மாறவில்லை. தண்ணீரின் எடையும் குறையவில்லை. ஆனால் வெறும் குடுவையின் எடை குறைந்திருந்தது. அது குறைந்த அளவும் வண்டலின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கரைந்தது கண்ணாடிதான்! தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கிடங்கில் சரக்குக் குறைந்தால் ஒவ்வொரு மூட்டையாக நிறுத்துப் பார்த்து எந்த மூட்டையில் ஓட்டை என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. பல நூறு வருடத்து நம்பிக்கையை அது முடித்து வைத்தது.

அடுத்தது நெருப்பு. அக்காலத்து விஞ்ஞானிகள் எரியும் பொருளிலெல்லாம் ‘புளோஜிஸ்தன்’ என்ற ஒன்று இருக்கிறதென்றும், எரியும்போது அது வெளியேறுகிறதென்றும் சொன்னார்கள். விறகு எரிந்து சாம்பலாவதைப் பார்த்தால் அது சரி என்றே தோன்றும். ஆனால் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் காற்றில் சுட்டுப் பஸ்பமாக்கினால் எடை கூடுகிறது. ஒன்று வெளியே போனபின் எடை எப்படிக் கூடும்? அப்படியானால் புளோஜிஸ்தனுக்கு எடை பூஜ்யத்துக்கும் கீழே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். கிடங்கிலிருந்து பத்து மூட்டை வெளியே போயிற்று, ஆகையால் இருப்பில் பத்து மூட்டை கூடிவிட்டது என்று ஒரு கணக்கப்பிள்ளை எழுதினால் அவரை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்போம்?

லவாய்சியே கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்தார். எரிந்தபின் எடை கூடியது. 1772 நவம்பர் முதல் தேதி இதை ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டு விஞ்ஞானச் சபையின் காரியதரிசியிடம் ஒப்படைத்தார். வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. 1774-ல் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து வாயை உருக்கி அடைத்துச் சூடுபடுத்தினார். உள்ளே ஈயம் பஸ்பமாயிற்று. குடுவையைத் திறக்காமல் அப்படியே நிறுத்தார். முன் இருந்த எடையே இருந்தது. பிறகு வாயை உடைத்தார். காற்று உஸ்ஸென்று உள்ளே புகுந்தது. இப்போது எடை கூடியது. எவ்வளவு கூடியதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஈயத்தின் எடையும் கூடியிருந்தது. இதே சோதனையை நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் பாயில் என்ற மேதையும் செய்திருந்தார். அவர் குடுவையைத் திறந்துவிட்டு நிறுத்தார். எடை கூடியிருப்பதைக் கண்டு, நெருப்பின் துகள்கள் கண்ணாடி வழியாக நுழைந்தன என்று முடிவு கட்டினார். இருவர் கையிலும் தராசு இருந்தது. எந்த நேரத்தில் நிறுப்பது என்று லவாய்சியேதான் அறிந்திருந்தார்.

காற்றின் ஒரு பகுதி ஈயத்தோடு சேர்ந்தது என்பது தெரிந்துவிட்டது. அந்தப் பகுதி எது? இங்கேதான் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் வருகிறார். 1774 அக்டோபரில் பாரிஸ் வந்த அவர், பாதரசத்தின் சிவப்புப் பஸ்பத்தைச் சூடுபடுத்தியபோது மெழுகுவத்தி பளிச்சென்று எரியும் ஒரு காற்று தமக்குக் கிடைத்ததை விருந்துச் சாப்பாட்டின்போது லவாய்சியேயிடம் சொன்னார். ஷீலே என்ற சுவீடன் தேசத்து மருந்துக் கடைக்காரரும் அதே காற்றைத் தனியாகக் கண்டுபிடித்து, லவாய்சியேக்குக் கடிதம் எழுதியிருந்தார். லவாய்சியே அந்தச் சோதனையைத் தம் முறையில் எடுத்துச் செய்தார். நான்கு அவுன்சு பாதரசத்தைக் காற்றோடு அடைத்துப் பன்னிரண்டு நாட்கள் சூடு காட்டினார். உள்ளே இருந்த 50 கன அங்குலக் காற்றில் ஏழெட்டு அங்குலம் குறைந்தது. பாதரசத்தின்மேல் சிவப்புப் பொடி படர்ந்தது. அதைச் சேகரித்து நிறுத்தார்: 45 குன்று. குன்று என்பது அக்காலப் பிரஞ்சு எடையில் மிகச் சிறியது. நம் குந்துமணியில் பாதிகூட வராது. அந்த 45 குன்றை மறுபடி கடும் சூட்டில் வைத்தபோது 41½ குன்று பாதரசம் திரும்பி வந்தது. குறைந்துபோன ஏழெட்டு அங்குலக் காற்றும் வெளியே வந்தது. போனதெல்லாம் வந்துவிட்டது. அந்தக் காற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் ஆக்ஸிஜன். நாம் தமிழில் பிராணவாயு என்கிறோம்.

ஆனால் பிரீஸ்ட்லிக்கும் ஷீலேக்கும் உரிய பெயரை லவாய்சியே தாராளமாகக் கொடுக்கவில்லை. சரக்கை யாரிடம் கொள்முதல் செய்தோம் என்று பேரேட்டில் எழுதாமல் விட்டது போல்தான் இது. சரக்கின் மதிப்பை முதலில் அறிந்தவர் அவர், அதில் சந்தேகமில்லை. பிரீஸ்ட்லி கடைசிவரை புளோஜிஸ்தனையே நம்பிக்கொண்டிருந்தார். இருந்தாலும் கொள்முதல் கணக்கு கொள்முதல் கணக்குத்தான்.

இனி அவருடைய தராசுகளைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அவரிடம் மூன்று நுண்ணிய தராசுகள் இருந்தன. ஃபோர்தன், மேன்யே என்ற இரண்டு பாரிஸ் கைவினைஞர்கள் அவருக்குத் தராசு செய்து கொடுத்தவர்கள். பெரியது ஃபோர்தன் செய்தது. தண்டு மூன்று அடி நீளம். பத்து கிலோவரை தாங்கும். அந்தப் பாரத்திலும் ஒரு கிராமின் நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டிவிடும். லண்டனில் ராம்ஸ்டன் செய்த தராசு ஒன்றைத் தவிர இதற்கு இணை கிடையாது என்று லவாய்சியேக்குப் பெருமை. நடுத்தரமானது பதினெட்டு இருபது அவுன்சுக்கு. குன்றில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். சிறியது மிகச் சொற்ப எடைக்கு. குன்றை 512 பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குக்கூட அசைந்து கொடுக்கும்.

நமது கடைத் தராசுக்கும் அதற்கும் என்ன பேதம்? தத்துவம் ஒன்றே. தண்டு நடுவில் தொங்குகிறது. இரு கையும் சம நீளம். இரு முனையிலும் தட்டு. ஆனால் கடைத் தராசில் தண்டு வளையத்திலோ ஆணியிலோ தொங்கும், உராய்வு அதிகம், சிறு எடைக்கு அசையாது. ஆய்வுத் தராசில் தண்டு ஒரு எஃகுக் கத்தியின் விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். தொடுவது ஒரு கோடு மட்டும். ஆகவே உராய்வு இல்லையென்றே சொல்லலாம். கத்தி மழுங்கக்கூடாது என்பதற்காக, நிறுக்காத நேரத்தில் தண்டைத் தூக்கி வைத்துவிடுவார்கள். மூச்சுக் காற்று பட்டால்கூட முள் ஆடும் என்பதால் கண்ணாடிக் கூண்டு. திராவகப் புகை எஃகைத் தின்றுவிடும் என்பதால் லவாய்சியே இவற்றைச் சோதனைச் சாலையில் வைக்காமல் தனி அறையில் வைத்தார். இரு கையும் முழுச் சமமாக எந்தத் தொழிலாளியாலும் செய்ய முடியாது. அதற்கும் வழி உண்டு: பொருளை ஒரு தட்டில் வைத்து மறு தட்டில் எதையாவது போட்டுச் சரிக்கட்டு, பிறகு பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் படிக்கல்லை வைத்துச் சரிக்கட்டு. தராசு கோணலாயிருந்தாலும் எடை சரியாக வரும். கோணல் தராசு வைத்திருக்கும் சிலர் இந்த வித்தையை அறிந்தால் மகிழமாட்டார்கள்!

இவ்விஷயத்தில் முந்தியவர் ஒருவரை நம் வாசகர்கள் மறக்கக்கூடாது. மர்வு நகரத்தில் விடுதலை பெற்ற அடிமையாக வாழ்ந்த அல்காஸினி, ஹிஜ்ரி 515-ல், அஃதாவது 1121 வாக்கில், ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற கிரந்தத்தை எழுதி ஸுல்தான் ஸன்ஜருக்கு அளித்தார். ஐந்து தட்டுள்ள தராசு அது. தண்ணீரில் மூழ்கவைத்து நிறுத்து, தங்கத்தில் வெள்ளி எவ்வளவு கலந்திருக்கிறது, கல் அசலா போலியா என்று கண்டுபிடிப்பதற்கு உரியது. ஆயிரம் மிஸ்கால் எடையில் ஒரு ஹப்பா வித்தியாசம் தெரியும் என்று அதில் கண்டிருக்கிறது. லவாய்சியேக்கு ஆறரை நூற்றாண்டு முன்பு நடந்த காரியம் இது.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் தண்டும் இல்லை, படிக்கல்லும் இல்லை. தட்டின் அடியில் ஒரு கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவில் நிற்கிறது. பாரம் வைத்ததும் மின்சாரம் சுருளை மேலே தள்ளித் தட்டைப் பழைய இடத்தில் நிறுத்துகிறது. எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதை எடையாக எண்ணில் காட்டுகிறது. கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கு சாதாரணம். கண்ணாடிக் கூண்டு மட்டும் லவாய்சியே காலத்தில் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது.

தண்ணீர் ஒரு மூலப்பொருள் அல்ல, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பதை அவரும் லாப்லாஸ் என்ற கணித மேதையும் 1783-ல் எரித்துக் காட்டினார்கள். 1785 பிப்ரவரியில் பெரிய அளவில் பல அறிஞர் முன்னிலையில் தண்ணீரைப் பிரித்தும் சேர்த்தும் நிறுத்துக் காட்டினார்கள். 1789-ல் இரசாயன சாஸ்திரத்துக்கு ஒரு பாடநூல் எழுதினார். அதில் சர்க்கரைப் பாகு புளித்துச் சாராயமாவதை விவரிக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. சரக்கு நமக்கு ஆகாதது, கணக்கு நம்முடையது. ஒரு பக்கம் தண்ணீர் 400 பவுண்டு, சர்க்கரை 100, நொதி 10, ஆக 510. மறு பக்கம் புளித்தபின் கிடைத்த சாராயம், கரிவாயு, மிச்சம் என்று ஒவ்வொன்றாக எழுதி, அதுவும் 510 என்று முடித்தார். ஐந்தொகை போட்டது போல் இரு பக்கமும் சமம். பொருள் உருமாறும், ஆனால் புதிதாகப் பிறப்பதுமில்லை, மறைந்து போவதுமில்லை என்ற விதியைத்தான் அவர் அந்தப் பட்டியலில் வைத்தார். ஒன்று சொல்ல வேண்டும்: அதிலுள்ள எண்கள் எல்லாம் நிறுத்துக் கண்டவை அல்ல. சிலவற்றை மற்ற எண்களிலிருந்து கழித்து எழுதியிருக்கிறார் என்று பின்னாளில் அவர் நோட்டுகளைப் படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தசமத்துக்குப்பின் தேவைக்கு மேல் எண்களை அடுக்குகிறார் என்று அக்காலத்திலேயே இங்கிலாந்தில் குறை சொன்னார்கள். இரு பக்கமும் சமமாகத்தான் வரும் என்ற உறுதி அவருக்கு அவ்வளவு இருந்தது.

இவ்வளவுக்கும் பக்கத்தில் இருந்தவர் மனைவி. அம்மையார் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, கணவருக்குத் தெரியாத அம்மொழியில் வந்த விஞ்ஞான நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். சித்திரம் கற்றுக்கொண்டு பாடநூலுக்குக் கருவிகளின் படங்களைத் தாமே வரைந்தார். சோதனை நடக்கும்போது எண்களை எழுதிக்கொண்டார். தாவீத் என்ற பிரபல ஓவியர் 1788-ல் இருவரையும் சேர்த்து எழுதிய பெரிய படம் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணத்தை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதற்கும் சாட்சி உண்டு. 1788-ல் புளுவா நகரில் தானியப் பஞ்சம் வந்தபோது, 50,000 லிவர் பணத்தை வட்டியில்லாமல் கடனாகக் கொடுத்துத் தானியம் வாங்க உதவினார். ஒரு பகுதியில் யூதர்கள் கடந்து போகும்போது கால்நடைக்கு வாங்குவது போல் தலைக்கு வாங்கிவந்த இழிவான வரியைக் குத்தகைக் கம்பெனியிடம் பேசி எடுத்துவிடச் செய்தார். பாரிஸைச் சுற்றி மதில் கட்டச் சொன்னவரும் அவர்தான். பட்டணத்துக்குள் வரும் சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு வரி கட்டாமல் நுழைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1785 வாக்கில் மதில் எழும்பியது. கணக்கு சரிதான். ஆனால் வரி வாங்குவதற்கென்றே சுவர் வைத்து அடைத்தால் உள்ளே இருக்கும் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்குத் தராசு கிடையாது. பாரிஸ் நகரமே முணுமுணுத்தது.

இப்போது புகையிலைக்கு வருவோம். மூக்குப்பொடி விற்ற சில்லறைக் கடைக்காரர்கள் அதில் சாம்பலையும் தண்ணீரையும் கலந்து எடை கூட்டினார்கள். லவாய்சியே வேலையில் சேர்ந்த புதிதில் வட பகுதிகளில் புகையிலை மேற்பார்வைக்குப் போனவர். அவர் சொன்ன சோதனை எளிது: பொடியின்மேல் சிறிது திராவகம் விட்டால் போதும்; சாம்பல் கலந்திருந்தால் உடனே நுரைத்துப் பொங்கும். வியாபாரிகளின் கையைக் கட்டினால் மட்டும் போதாது, அவர்கள் லாபத்துக்கும் வழி வேண்டும் என்று அறிந்து, மற்றொரு ஏற்பாடும் செய்தார். கம்பெனியே புகையிலையில் ஓர் அளவு ஈரம் சேர்க்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு, நூற்றுக்கு ஆறே சொச்சம். அதற்கு ஈடாகக் கடைக்காரருக்குப் பதினேழு அவுன்சு நிறுத்துக் கொடுத்துப் பதினாறுக்குத்தான் பணம் வாங்கும். வியாபாரம் தெரிந்தவர் போட்ட ஏற்பாடு என்று நமக்குப் படுகிறது. ஆனால் கணக்கும் சோதனையும் கெடுபிடியாக நடந்ததால், கலப்படத்தில் லாபம் பார்த்த கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்மேல் கோபம். பதினேழாவது அவுன்சை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஈரத்தை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

1789-ல் புரட்சி வெடித்தது. லவாய்சியே சீர்திருத்தத்துக்கு ஆதரவானவர்தான். நாடெங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த நிறுவைகளை ஒழித்து ஒரே அளவு கொண்டுவரும் குழுவில் உழைத்தார். 1793 ஜனவரியில் அவரும் ஆயீ என்பவரும் வடித்த தண்ணீரின் குறித்த அளவுக்கு எடை என்ன என்று நிறுத்துக் கண்டார்கள். கிலோ என்ற எடைக்கு அதுதான் அடிப்படை. 1970-களிலும் அதற்குப் பின்னும் இங்கே கட்டியும் தஹிலும் போய்க் கிலோ வந்ததே, அதன் ஆரம்பம் அந்தக் கையில் இருந்தது.

ஆனால் பழைய கணக்கு அவரைத் துரத்தியது. மாரா என்ற பத்திரிகைக்காரர் ஒருகாலத்தில் நெருப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி விஞ்ஞானச் சபையின் அங்கீகாரத்தை நாடியவர், அது கிடைக்கவில்லை. 1791-ல் அவர் தம் பத்திரிகையில் லவாய்சியேயை வரிக்கொள்ளைக்காரன் என்றும், பாரிஸைச் சுவர் வைத்து அடைத்தவன் என்றும் தாக்கினார். அதே வருடம் குத்தகைக் கம்பெனி ஒழிக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் விஞ்ஞானச் சபையும் மூடப்பட்டது. நவம்பர் 24-ல் பழைய குத்தகைக்காரர் எல்லோரையும் கைது செய்ய உத்தரவாயிற்று. லவாய்சியே சில நாள் மறைந்திருந்தார்; பிறகு மாமனாரோடு தாமாகவே வந்து சரணடைந்தார். கணக்கு சரியாயிருக்கிறது, காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்ததாகத் தெரிகிறது. சிறையில் வைத்துக் குத்தகைக் கணக்குகளைத் தயாரிக்கச் சொன்னார்கள், தயாரித்துக் கொடுத்தார்கள். நிறுவைக் குழுவின் சார்பில் போர்தாவும் ஆயீயும் அவரை விடுவிக்கும்படி மனுக் கொடுத்தார்கள். அதன் பலன், சில நாளில் போர்தாவும் லாப்லாஸும் அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டதுதான்.

1794 மே 8-ஆம் தேதி விசாரணை. அதிக வட்டி எடுத்தது, அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பணத்தைத் தாமதித்தது, புகையிலையில் தண்ணீரும் ஜனங்களின் உடம்புக்குக் கெடுதலான சரக்கும் சேர்த்தது என்பவை குற்றங்கள். ஒரு குன்று வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காதவரை நிம்மதியில்லாமலிருந்த மனிதர்மேல் எடை மோசடிக் குற்றம்! அன்றே தீர்ப்பு, அன்றே நிறைவேற்றம். இருபத்தெட்டுப் பேரைக் கில்லட்டின் மேடைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவதாக மாமனார் தலை விழுந்தது. நான்காவது லவாய்சியே. அப்போது அவருக்கு ஐம்பது வயது. உடலைப் பொதுக் குழியில் போட்டார்கள். குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லித்தான் கொல்லவேண்டும் என்பதுமில்லை.

ஒரே நாளில் தகப்பனையும் கணவரையும் இழந்த அம்மையாருக்கு வீடும் இல்லாமல் போயிற்று. சொத்து முழுவதும் பறிமுதல். சிறிது காலம் அவரும் சிறையில் இருந்தார். ஆட்கள் வந்து சோதனைச் சாலையிலிருந்த தராசு, குடுவை, புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்துப்போனார்கள். அந்த வருடம் ஜூலையில் ஆட்சி மாறியது. ஆட்களை மேடைக்கு அனுப்பியவர்களே மேடை ஏறினார்கள். 1795-ல் எடுத்துப்போன சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கான சர்க்கார் காகிதத்தில் அவர் பெயரோடு, அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர் என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். பிற்காலத்தில் குத்தகைக் கணக்கையும் முறைப்படி சரிபார்த்தார்கள். குத்தகைக்காரர்கள் அரசாங்கத்துக்குக் கடன்பட்டிருக்கவில்லை. அரசாங்கம்தான் அவர்களுக்குப் பாக்கி என்று தெரியவந்தது.

கணவர் சிறையில் இருந்தபோது அச்சுத் திருத்திக்கொண்டிருந்த கட்டுரைகளை அம்மையார் சேர்த்து வெளியிட்டார். ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானியை 1805-ல் மணந்தார். சில ஆண்டுகளில் பிரிந்துவிட்டார். லவாய்சியே என்ற பெயரை மட்டும் விடமாட்டேன் என்று அந்த மணத்தின்போதே சொல்லியிருந்தார். 1836-ல் காலமாகும்வரை முதல் கணவரின் கருவிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார். ஃபோர்தன் செய்த பெரிய தராசும், மேன்யே செய்த தராசும் பாரிஸ் கைத்தொழில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.